பொட்டாசியம் இல்லாத கீரை

கனகவல்லி செடிகளைப் பட்டினி போடக் கற்றுக்கொண்டது கணவன் மாதவுக்காக. செடி வளர என்னென்ன வேண்டும் என்பதை உலகம் முழுக்க விவசாயிகள் கற்கிறார்கள். புனேயில், சாங்விப் பகுதியின் ஒரு ஐந்து மாடிக் குடியிருப்பில், இந்தப் பெண் கற்றது வேறு: வேண்டியவற்றில் ஒன்றை எப்போது, எவ்வளவு பிடுங்கினால் செடியும் சாகாது, மனிதனும் சாகமாட்டான் என்பது.

கனகவல்லி பொள்ளாச்சிப் பெண். வேதியியல் படித்தவள். கல்யாணமாகிப் புனே வந்த அடுத்த வருடமே பிம்ப்ரியில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான். ஸ்கூட்டரில் போய், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, நிறமிகளில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்து சோறு வடிப்பாள். மாதவ் சாக்கனில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் டிசைன் பொறியாளர். ரத்த அழுத்தம் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதைப் பல வருடம் கேலி செய்தே ஓட்டினார். "எனக்கு பிரஷர் எல்லாம் இல்ல டாக்டர், மேனேஜர்தான் இருக்கான்" என்பார். சிறுநீரகங்களுக்கு அந்த நகைச்சுவை புரியவில்லை. ஐம்பது வயதுக்குள் இரண்டும் கைவிட்டன. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார். கனகவல்லி தன்னுடையதைத் தரத் தயாராக இருந்தாள், பரிசோதனையில் பொருந்தவில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.

டயாலிசிஸ் மையத்தில் உணவு ஆலோசகர் ரீனா. புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவளுடைய தமிழ் நடுவழியில் நின்று இந்தியில் ஏறிக்கொள்ளும்.

"அங்கிள், கேலா, அதான் வாழைப்பழம், நஹி. இளநீர் நஹி. பாலக் தோ பில்குல் நஹி. கீரை எதுவுமே... என்ன சொல்றது... மறந்துடுங்க."

"ஆறுதல் சாப்பிடலாமாம்மா? அதுல பொட்டாசியம் இல்லையே?"

பொட்டாசியம்தான் விஷயம். நம் இதயம் துடிப்பதற்கு அது வேண்டும். அளவு மீறினால் அதே இதயத்தை அது நிறுத்தியும் விடும். நல்ல சிறுநீரகம் உள்ளவன் நாலு வாழைப்பழம் தின்றாலும் மிச்சம் சிறுநீரோடு போய்விடும். மாதவின் உடம்பில் வந்தது வந்தபடி தங்கும், அடுத்த டயாலிசிஸ் வரை. கீரையைப் போலப் பொட்டாசியத்தைச் சேர்த்து வைக்கும் உணவு குறைவு. மாதவோ கீரை இல்லாமல் சோற்றைத் தொடாத ஆள். பிரியாணிக்கு அழைத்தால் கூட்டத்துக்காக வருவார். கீரை மசியலுக்கு அழைத்தால் தட்டோடு வருவார்.

கீரையைப் பொடியாக நறுக்கி, கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டி, மறுபடி கொதிக்கவிட்டு, மறுபடி கொட்டித்தான் கொடுக்கலாம் என்றார்கள். கனகவல்லி செய்து பார்த்தாள். மாதவ் ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கனகு, இது கீரை இல்ல. கீரையோட ஆவி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். டயாலிசிஸில் இருப்பவர்கள் இப்படித்தான் மெலிகிறார்கள். நோய் பாதியைத் தின்கிறது, மீதியைத் தடைகள் தின்கின்றன.

ஜப்பானில் சிறுநீரக நோயாளிகளுக்காகவே பொட்டாசியம் குறைந்த லெட்யூஸ் என்ற இலைக்கோசு வளர்க்கிறார்கள் என்று கனகவல்லி படித்தாள். மண்ணில் இது நடக்காது. மண் தன்னிடம் இருப்பதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீரில் நடக்கும். தண்ணீரில் நாம் என்ன போடுகிறோமோ அதுதான் செடிக்கு. வேர் வழியாகச் செடிக்கு வேண்டிய தாதுக்கள் பதினான்கு. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் கிலோக் கணக்கில். கால்சியம், மெக்னீசியம், கந்தகம் அதற்குக் கொஞ்சம் குறைவாக. இரும்பு, துத்தநாகம், போரான் போன்றவை சிட்டிகைக் கணக்கில். முதல் சில வாரம் எல்லாவற்றையும் கொடுத்து வளர்த்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் பொட்டாசியத்தை மட்டும் நிறுத்திவிட்டால் செடி இருப்பதை வைத்துச் சமாளிக்கும். அடி இலைகளின் ஓரம் தீய்ந்த மாதிரி பழுக்கும். அதுதான் பட்டினியின் அடையாளம். செடி குறைந்த பொட்டாசியத்தை நீட்டி நீட்டிச் செலவழிக்கும். அந்தக் கீரையை மாதவ் சாப்பிடலாம்.

குடியிருப்போர் சொசைட்டியின் கமிட்டியிடம் அனுமதி வாங்கி மொட்டை மாடியில் பிவிசி குழாய்களைச் சாய்த்து வைத்தாள். ஒரு கறுப்புத் தொட்டி, ஒரு சின்ன மோட்டார், கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த சிறுகீரை விதை. முதல் இரண்டு அறுவடையும் குப்பைக்குப் போயின. மூன்றாவதை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தாள். கடைக்கீரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ரீனா அதைப் பார்த்துவிட்டு, பொட்டாசியத்துக்குப் பதிலாகச் சோடியம் ஏறியிருக்கிறதா என்றும் கேட்டு, சமையலில் உப்பைக் குறைக்கச் சொல்லி, வாரத்துக்கு ஒரு கிண்ணம் என்று சம்மதித்தாள்.

மாதவ் அந்தக் கிண்ணத்தை எப்படிச் சாப்பிட்டார் என்று கனகவல்லி யாரிடமும் விவரித்ததில்லை. "சாப்பிட்டார்ங்க" என்பாள். அதோடு நிறுத்திக்கொள்வாள்.

இனி ரவிசந்திரனுக்கு வரலாம்.

ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் மாடி. சொசைட்டியின் செயலாளர். கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்த நாட்டில் ஒருவனைச் சாகடிக்க நீங்கள் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மாதவ் முதன்முதலில் மூச்சு முட்டி விழுந்தபோது தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர்தான். அவர் மனைவி வனஜா அந்த வாரம் முழுக்கச் சமைத்து அனுப்பினாள். இப்படிப்பட்ட மனிதர்களிடம் கோபப்படுவது கடினம். அதைவிடக் கடினம், அவர்கள் கையிலிருந்து உயிரைக் காப்பாற்றிக்கொள்வது.

குழாய்கள் வந்த நாளிலிருந்து ரவிசந்திரனுக்கு மனசு ஆறவில்லை. லிஃப்டில் மாதவைப் பிடித்தார்.

"என்ன மாதவ், மண்ணே இல்லாம கீரையாம். பைப்புல உப்பைக் கரைச்சு ஊத்தறாளாம் கனகா. ஏற்கெனவே உடம்பு இப்படி. கெமிக்கலைப் போய்த் தின்னுவாங்களா?"

"சார், உப்பும் கெமிக்கல்தான். தண்ணியும் கெமிக்கல்தான். நீங்களும் கெமிக்கல், நானும் கெமிக்கல். என்ன, என் சரக்கு கொஞ்சம் காலாவதி ஆயிடுச்சு."

"உனக்கு எல்லாத்துலயும் விளையாட்டு. பசுஞ்சாணி போட்டு வளர்ந்த கீரை அமிர்தம்யா. இது விஷம்."

'ரசாயனம்' என்ற சொல்லை வைத்து நம்மவர்கள் நடத்தும் மோசடிக்கு அளவே இல்லை. காலையில் பற்பசையைப் பிதுக்குகிறவன், கொசுவர்த்தி ஏற்றுகிறவன், மாத்திரை இல்லாமல் தூங்காதவன், கீரையைப் பார்த்ததும் திடீரென்று முனிவனாகிவிடுகிறான். வேர் சாணத்தைத் தின்பதில்லை. வேருக்கு வாயில்லை. சாணத்தை நுண்ணுயிர்கள் சிதைத்து, அது நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் பொட்டாசியமாகவும் பிரிந்து, தண்ணீரில் கரைந்த பிறகுதான் வேருக்குள் போகும். பசுவின் வயிற்றிலிருந்து வந்த பொட்டாசியமும் சாக்குப் பையிலிருந்து வந்த பொட்டாசியமும் ஒன்றே. மாட்டு எரு மண்ணுக்கு நல்லது, மறுக்கவில்லை; மண்ணைப் பொலபொலவென்று வைக்கும். ஆனால் அதில் புனிதம் என்று ஒரு பதினைந்தாவது தாது கிடையாது. இதையெல்லாம் நம் பிள்ளைகள் பள்ளியில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கி, அன்றைக்கே மறந்துவிடுகிறார்கள். மறந்தவர்கள்தான் கமிட்டிகளில் உட்கார்கிறார்கள். மாதவின் ரத்தத்தை வாரம் மூன்று முறை கழுவி அவரை உயிரோடு வைத்திருப்பதும் ஒரு ரசாயனக் கரைசல்தான். அதைப் பற்றி எந்த ரவிசந்திரனும் பேசியதில்லை.

அந்தக் கோடையில் சிறுகீரை அமோகமாக வந்தது. இலைகள் அகலம் அகலமாக, கரும்பச்சையாக, பளபளவென்று இருந்தன. ஓரங்களில் தீய்ச்சல் இல்லை. தொட்டித் தண்ணீரில் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் கருவி கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. வெயிலுக்குத் தண்ணீர் வற்றியிருக்கும் என்று கனகவல்லி தண்ணீர் சேர்த்தாள். லேசாக ஒரு வாடையும் இருந்தது. பாசி என்று நினைத்து மூடியைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டினாள். தொட்டியில் போட வேண்டியதைத் தன் கையால் அளந்து போட்டிருந்தாள். ஆகவே இந்த அறுவடையை அவள் ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மசியல் செய்தாள். மாதவ் இரண்டாம் கிண்ணம் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு திங்கள்தான் டயாலிசிஸ். வாரத்திலேயே நீண்ட இடைவெளி. நம் கீரைதானே என்று போட்டாள்.

திங்கட்கிழமை காலை மாதவுக்குச் செருப்பு மாட்டக் கால் வரவில்லை. கால் தன்னுடையதே இல்லை என்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கனகு, கால் ஸ்ட்ரைக் பண்ணுது" என்றார். பிறகு பேச்சு குழறியது. நாடி பிடித்துப் பார்த்தாள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அவள் பயப்படுவதற்கு நேரம் இருந்தது.

அன்றும் காரை எடுத்து வந்தவர் ரவிசந்திரன்தான். ஆஸ்பத்திரியில் இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி போட்டார்கள், உடனே டயாலிசிஸ். ஐ.சி.யூ. மருத்துவர் வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி: "என்ன சாப்பிட்டார்?"

கனகவல்லி சொன்னாள். மருத்துவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. படித்த பெண், இப்படியா என்ற பார்வை. அவள் அதை வாங்கிக்கொண்டு நின்றாள். குழாய், மோட்டார், கரைசல் என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் பிரித்துப் பார்த்தாள். எங்கே தவறினேன்? எடையிலா? உப்பு மாறிவிட்டதா? பைதான் வேறா? தன் கணவனைத் தன் கையால் கொன்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடு அந்த நாற்காலியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள்.

வனஜா ஃபிளாஸ்க்கில் காபியோடு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதே கனகா. ஒண்ணும் ஆகாது. எங்க வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? சிவராத்திரியிலேருந்து ஒரு நாள் தவறினதில்ல. விடிஞ்சதும் பூஜையை முடிச்சிட்டு, மாடிக்குப் போய் உன் தொட்டியில ஒரு டம்ளர் கோமியம் விட்டுட்டு வந்துதான் காபியே குடிப்பார். கோசாலையிலேருந்து கேன்ல வருது, சுத்தமானது. அந்த விஷத்தையெல்லாம் அது முறிச்சிருக்கும். இல்லேன்னா இன்னும் என்ன ஆயிருக்குமோ!"

கனகவல்லி கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னீங்க அக்கா?"

"கோமியம்மா. மாட்டு மூத்திரம்."

"தினமுமா?"

"ஏகாதசியன்னிக்கு ரெண்டு டம்ளர்."

"அக்கா, அதுல இருக்கறது பொட்டாசியம். கொள்ளை கொள்ளையா பொட்டாசியம். நான் எதைப் பார்த்துப் பார்த்து நிறுத்துனனோ, அதை அவரு தினமும் ஊத்திட்டு இருந்திருக்காரு."

வனஜா குழம்பினாள். பொய்க் குழப்பம் இல்லை. "அது கெமிக்கலாச்சே கனகா. பசுமாட்டுக்குள்ள எப்படி வரும்?"

இருநூறு வருட வேதியியல் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று தலை குனிந்தது. மாடு புல் தின்கிறது. புல் மண்ணிலிருந்து பொட்டாசியம் எடுக்கிறது. மாட்டுக்கு வேண்டாத மிச்சம் சிறுநீரில் வருகிறது. ஒரு நல்ல சிறுநீரகம் செய்யும் வேலையே அதுதானே! அந்த மாட்டின் சிறுநீரகம் பாடுபட்டு வெளியே தள்ளியதை, சிறுநீரகமே இல்லாத மனிதனுக்கு அன்போடு ஊட்டியிருக்கிறார்கள்.

அடுத்த நாளே தொட்டித் தண்ணீரையும் மிச்சக் கீரையையும் ஆய்வகத்தில் கொடுத்தாள். தண்ணீரில் பொட்டாசியம் நிறைந்திருந்தது. கீரை சந்தைக்கீரை போலவே இருந்தது. கோளாறு அவள் கையில் இல்லை. அது தெரிந்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபம் வந்தது, அது இன்றுவரை போகவில்லை. போகவும் தேவையில்லை.

மாதவ் பிழைத்தார். அவர் ஐ.சி.யூ.வில் இருந்து வார்டுக்கு வருவதற்குள் குடியிருப்பில் கதை முடிந்துவிட்டது: கெமிக்கல் கீரை தின்று மாதவுக்கு மாரடைப்பு. மொட்டை மாடிக் குழாய்களை அகற்றுவது பற்றி ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் பொதுக்கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி, மைக், சமோசா. தலைவர் மராட்டியர், எல்லாரிடமும் இந்தியில் பேசுவார், சண்டை வந்தால் மட்டும் மராத்திக்கு மாறுவார். "மேடம், உங்க நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பித்தார்.

கனகவல்லி எழுந்து நடந்ததைச் சொன்னாள். இந்தியில், நிறுத்தி நிறுத்தி. முடித்ததும் எல்லாரும் ரவிசந்திரனைப் பார்த்தார்கள். அவர் மறைக்கவில்லை. எழுந்து நின்றார். கனகவல்லியிடம் தமிழில் பேசினார்.

"ஆமா, நான்தான் ஊத்தினேன். ஒளிச்சேனா? என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். சாமிகிட்ட சொன்னேன்."

"என்கிட்ட சொல்லலீங்களே சார்."

"சொன்னா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. கூட்டத்தில் சிலருக்கும் பட்டது, தலையை ஆட்டினார்கள்.

"சார், நம்ம பில்டிங் தண்ணித் தொட்டியில தினமும் காலையில நான் ஒரு டம்ளர் பொட்டாசியம் நைட்ரேட் கரைச்சு ஊத்துனா என்ன பண்ணுவீங்க?"

"போலீஸைக் கூப்பிடுவேன். அது விஷம்!"

"நீங்க ஊத்துனதுலயும் அதே பொட்டாசியம்தாங்க சார். உங்களுக்கு விஷம் இல்லாதது அவருக்கு விஷம். தெரியலேன்னா கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"அதிருக்கட்டும். நீ ரொம்பப் படிச்சவளாச்சே. அந்தக் கீரையைச் சோதிச்சுட்டுத்தான் போட்டியா?"

கனகவல்லி "இல்லை" என்றாள்.

"அவ்வளவுதான்!" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். வழக்கு ஜெயித்துவிட்டது.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பிற்பாடு தன்னையே குறைத்துப் பேசியிருக்கிறாள். 'போன தடவை சரியா வந்துது, இந்தத் தடவையும் வரும்னு நம்புனேன். அது சயின்ஸ் இல்ல. நானும் சடங்குதான் செஞ்சிருக்கேன்' என்பாள். சரிதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் தன் தவற்றை ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவள். அதையே அவள் குற்றமாக்கினார்கள். அளந்து பார்க்கிறவன் தன் பிழையைச் சொல்வான். அளந்தே பார்க்காதவனுக்குப் பிழை என்று ஒன்று நேர வழியே இல்லை. இந்த நாட்டில் விவாதங்கள் எல்லாம் இப்படித்தான் முடிகின்றன.

பிறகுதான் அந்தக் கூத்து நடந்தது. ரவிசந்திரன் மனைவியை வீட்டுக்கு அனுப்பிக் கேனைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு டம்ளரில் ஊற்றினார். மைக்குக்கு முன்னால் நின்று இந்தியில், "இது விஷம்னா நான் சாகறேன், பாருங்க" என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கையை விரித்தார். கைதட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள். ஒருவர் படம் எடுத்தார்.

ரவிசந்திரன் சாகவில்லை. ஏன் சாக வேண்டும்? அவருக்கு இரண்டு நல்ல சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவர் குடித்த நம்பிக்கையை அவை சாயங்காலத்துக்குள் வெளியேற்றிவிடும். பக்திக்கு அவ்வளவு உழைக்கும் உறுப்புகள் அவருக்கு இருக்கின்றன என்பதை அவர் அறியவில்லை. கைதட்டிய யாரும் அறியவில்லை. பிழைத்தவன் தன் நம்பிக்கைக்குச் சாட்சி ஆகிறான். செத்தவன் சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. இப்படியே எத்தனை மருந்துகள், எத்தனை மகான்கள், எத்தனை விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன!

கை தூக்கச் சொன்னார்கள். குழாய்களை எடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. கனகவல்லிக்காகக் கை தூக்கியவர்களை எண்ண ஒரு கை போதும். மறுநாள் ஆட்கள் வந்து பிரித்தார்கள். ரவிசந்திரனே பக்கத்தில் நின்று, "பார்த்துப்பா, உடைஞ்சிடப் போவுது, பாவம், ஆசையா வாங்கினது" என்று மேற்பார்வை பார்த்தார். இந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

கனகவல்லி போலீஸுக்கும் போனாள். எழுதிக்கொள்ள உட்கார்ந்தவர் பாதியில் பேனாவை மூடினார். "கோமூத்ரமா? அதுக்கு என்ன கேஸ் போடறது தாயி?" என்று கேட்டார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ரீனாவும் அப்படித்தான் நினைத்தாள். "ஆன்ட்டி, இனிமே கீரை வேண்டாம், ரிஸ்க் பஹுத் ஹை" என்றாள். மாதவ் வீட்டுக்கு வந்த பிறகு கீரை என்ற சொல்லையே எடுக்கவில்லை. தட்டில் எதைப் போட்டாலும் முதலில் உற்றுப் பார்த்தார். பருப்பைக்கூடப் பார்த்தார். கேலி செய்கிறவர் பேச்சு நின்றுபோனது.

கனகவல்லி சோபாவை விற்றாள். ஹாலில் அது இருந்த இடத்தில் குழாய்களை நிறுத்தினாள். மேலே வரிசையாக விளக்குகள். தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டுப் போட்டாள். விருந்தாளி வந்தால் உட்கார இடமில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை என்றாள். இனி ஆய்வகத்தில் பார்க்காமல் ஒரு இலையும் அடுப்புக்குப் போகாது.

முதல் கீரையை ஆய்வகம் சரி என்று சொன்ன நாளில் அரைக் கிண்ணம் மட்டும் வைத்தாள். மாதவ் கிண்ணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பயமா இருக்கு கனகு" என்றார்.

"எனக்கும்தாங்க. அதனாலதான் டெஸ்ட் பண்ணுனேன்."

அவர் கரண்டியை எடுத்தார்.

அப்போதுதான் மணி அடித்தது. கதவைத் திறந்தாள். ரவிசந்திரன். ஒரு கையில் கோயில் பிரசாதம். இன்னொரு கையில் மூடிய சின்னச் செம்பு. வாசற்படியில் ஈரம் தெறித்திருந்தது. மணி அடிப்பதற்கு முன்பே தெளித்துவிட்டார்.

"மாதவ் பேர்ல அர்ச்சனை பண்ணினேன்மா. மனசுல எதையும் வெச்சுக்காதே. அவன் எனக்குத் தம்பி மாதிரி. அவனுக்காக நான் என்ன வேணும்னாலும் செய்வேன், உனக்குத் தெரியும்."

கனகவல்லி படியில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். உள்ளேயிருந்து மாதவ், "யாரு?" என்றார். அவள் கதவைப் பாதி மூடினாள். பிறகு முழுக்கத் திறந்தாள்.

"என்ன வேணும்னாலும் செய்வீங்களா சார்?"

"சத்தியமா."

"உங்க ரத்த வகை என்னங்க?"

"ஓ பாசிட்டிவ். ஏம்மா, ரத்தம் வேணுமா? இப்பவே வரேன்."

"ரத்தம் வேண்டாங்க. ஓ வகைன்னா யாருக்கும் பொருந்த வாய்ப்பு இருக்கு. நல்ல கிட்னி ரெண்டு இருக்கு உங்களுக்கு. எல்லார் முன்னாடியும் குடிச்சுக் காட்டுனீங்களே. டாக்டர்கிட்ட நேரம் வாங்கட்டுங்களா?"

செம்பு அவர் கையில் லேசாகச் சாய்ந்தது.

"அது... எனக்கு வயசாயிடுச்சேம்மா. சுகர் வேற பார்டர்ல இருக்கு. அதெல்லாம் டாக்டருங்க... அவ்வளவு சுலபமா..."

"ஆமாங்க சார். டாக்டரு சோதிச்சுத்தான் சொல்லுவாரு. கேட்டுத்தான் எடுப்பாங்க. உங்க கிட்னியை உங்களைக் கேக்காம யாரும் தொட மாட்டாங்க."

அவர் பிரசாதத்தைப் படியில் வைக்கப் பார்த்தார். அவள் காலை நீட்டி மறித்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட் அதே மாடியில் கதவு திறந்து நின்றது. அதில் ஏறாமல் அவர் மாடிப்படியில் இறங்கிப் போனார்.

கனகவல்லி துடைப்பத்தையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொண்டுவந்து வாசற்படியைக் கழுவினாள். உள்ளே மாதவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.